சொறியாத கை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீ நல்ல உடம்போடும் நேரத்துக்குச் சாப்பாட்டோடும் இருக்கிறாய் என்று நம்புகிறேன். உடம்பு சரியில்லை என்றால் உன் குரலிலேயே தெரிந்துவிடும், சாப்பாட்டைத்தான் நீ மறைப்பாய். இங்கே எல்லோரும் சுகம் என்று இந்த வாரம்தான் மனதாரச் சொல்ல முடிகிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம், உன் அத்தை பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்தால்தானே.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்ணை உனக்குத் தெரியும், மாத்திரையை விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதால் அப்பா அவளுக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தாரே, அவள்தான். போன மாதம் அவள் விரல் இடுக்கெல்லாம் சிவந்து சொறிய ஆரம்பித்தாள். முதலில் துணி சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். பிறகு எனக்கும் இடுப்பில் அரிப்பு, அத்தைக்கு மணிக்கட்டில் அரிப்பு. மருந்துக்கடைக்காரர் பார்த்ததுமே இது சிரங்கும்மா, வீட்டுக்கு யாரோ கொண்டுவந்திருக்காங்க என்றார். அந்த யாரோ யார் என்று அத்தை யோசிக்கக்கூட இல்லை. எவ முதல்ல சொறிஞ்சாளோ அவதான், இதுக்கு என்ன பெரிய ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கு என்றாள். அவளுக்கென்று தனி சோப்பு, தனித் துண்டு எடுத்து வைத்தோம். இரண்டு நாள் கழித்து, கொஞ்ச நாள் வீட்டில் இருந்துவிட்டு வாம்மா என்றேன். சரிங்க டீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகுதான் ஆய்வகத்தில் இருந்த உனக்குப் போன் செய்து புலம்பினேன். நீ அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அப்பா சொறியிறாரா என்று கேட்டாய். இல்லம்மா, இந்த வீட்டில் அவர் ஒருத்தர்தான் நிம்மதியா இருக்கார் என்று நான் சந்தோஷமாகச் சொன்னேன். நீ உடனே வீடியோவில் வந்து அப்பா கையைக் காட்டச் சொன்னாய். விரல் நடுவில் சுண்ணாம்பு காய்ந்ததுபோல் படிந்திருந்ததை நாங்கள் வயசான தோல், வறட்சி என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் என்றால் யார், இன்ஸ்பெக்டர்தான், தினமும், தன் வெறும் கையால்.

நீ போகச் சொன்ன தோல் டாக்டர் அந்தப் படிவைக் கொஞ்சம் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் வைத்து நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். அத்தனை வருஷம் அறிவியல் நடத்தியவள் நான், பிள்ளைகளுக்கு வெங்காயத் தோலைத்தான் காட்டியிருக்கிறேன். இதிலோ பூச்சிகள் ஊர்ந்து நடந்தன! ஒரு துணுக்கில் ஒரு சந்தைக் கூட்டம். நீ சொன்னதைத்தான் அவரும் சொன்னார். அரிப்பு பூச்சி கடித்து வருவதைவிட, உடம்பு அதை அடையாளம் கண்டு சண்டைக்கு எழுவதால் வருவது. அப்பா மூட்டு வலிக்கு நெடுநாளாகச் சாப்பிடும் மாத்திரை அந்தச் சண்டைக்காரனைத் தூங்க வைத்துவிட்டது, பூச்சி கேட்பாரில்லாமல் பெருகிவிட்டது. நீ சொன்ன நாய் உதாரணத்தை அப்பாவிடம் சொன்னேன், திருடன் வந்தால் குரைப்பதுதான் அரிப்பு என்று. என் நாய்க்கு நானே மாத்திரை போட்டுத் தூங்க வச்சிட்டு, குரைச்ச நாயை அடிச்சு விரட்டியிருக்கோம் என்றார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். வகுப்பில் சத்தம் போட்டு அழுகிற பிள்ளையைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்போம், காய்ச்சல் கடைசி பெஞ்சில் சுருண்டு படுத்திருக்கும். எனக்கே தெரிந்த பாடம், வீட்டில் மறந்துபோனது.

அவளுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு நேரில் போனேன். ஒற்றை அறை, கொடி முழுக்கக் கொதிநீரில் போட்டு எடுத்த துணி, மூலையில் அவள் பாய் மட்டும் பிள்ளைகளிடமிருந்து தள்ளிக் கிடந்தது. வேலைக்குப் போகும் வேறு இரண்டு வீட்டிலும் செய்தி பரவி, அவர்களும் வர வேண்டாம் என்றுவிட்டார்களாம். அப்பா கைதான் காரணம் என்று முழுதும் சொன்னேன். நீங்க வர வேணாம்னு சொன்னதுகூட எனக்குப் பெரிசா இல்லீங்க டீச்சர், அந்த சோப்பைத் தனியா எடுத்து வச்சீங்க பாருங்க என்றாள். அந்த இரண்டு வீட்டுப் படியும் நானே ஏறி, எங்கள் வீட்டிலிருந்துதான் இவளுக்கு வந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் கதவைப் பாதிதான் திறந்தார்கள், பரவாயில்லை, பாதிக் கதவுக்குப் பின்னாலும் காது இருக்குமே.

திங்கட்கிழமை காலையில் கேட் சத்தம் கேட்டது. வந்தவள் நேராகக் குளியலறைக்குப் போய் அந்தத் தனி சோப்பை எடுத்து வந்து அத்தை கையில் வைத்தாள். இனி இது உங்களுக்கும்மா, நீங்களும் சொறியிறீங்களே என்றாள். அத்தை பேச்சில் தோற்று நான் பார்த்தது அன்றுதான். எல்லோரும் ஒரே நாளில் கழுத்திலிருந்து பாதம் வரை மருந்து பூசிக்கொண்டோம், அப்பாவுக்கு மாத்திரையும் சேர்த்து. பூச்சி செத்த பிறகும் அரிப்பு சில வாரம் இருக்கும், பயந்துகொண்டு மறுபடி மறுபடி பூசாதீர்கள் என்று நீ சொன்னதைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன், அத்தைக்காக. மூட்டு மாத்திரையை டாக்டர் படிப்படியாகக் குறைக்கிறார். நேற்று அப்பா முதல்முறையாக முழங்கையைச் சொறிந்தார். நாங்கள் மூன்று பேரும் ஓடிப்போய்ப் பார்த்தோம், பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததுபோல.

ஆய்வகத்தில் இந்தப் பூச்சியையும் உடம்பின் சண்டையையும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, இதனால் யாருக்கு என்ன என்று போன முறை கேட்டாய். நான் பெரிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை, நடந்ததை எழுதிவிட்டேன். இன்ஸ்பெக்டர் உன்னிடம் ஒன்று கேட்கச் சொன்னாள். நாளெல்லாம் அந்தப் பூச்சியோட கிடக்குதே, உங்க பொண்ணு கையை யார் பாக்குறாங்க என்றாள். அடுத்த முறை வீடியோவில் வரும்போது முகத்துக்கு முன்னால் கையைக் காட்டு, இரண்டு பக்கமும். அவளும் பக்கத்தில் இருப்பாள்.

நோய் நொடி அண்டாமல், நல்ல துணைகளோடு, நீ நினைத்தது கைகூடி நெடுநாள் வாழ வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பாவின் ஆசியோடும் அத்தையின் முணுமுணுப்போடும்,
உன் அம்மா