எந்த மாநிலத்தின் ஆள்

அக்டோபர் 6, திங்கள்

தம்பி ரஞ்சித் வந்து ஒரு மாதமாகிறது. டெக்சாஸில் குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஒருவரின் காலை முறித்ததற்குச் சிறை, பாதியில் பரோல். நியூ ஜெர்சியில் என்னோடு தங்க அனுமதி கேட்டோம். முடிவு வரும்வரை இங்கேயே இருக்கலாம் என்று அனுப்பினார்கள். மாதாமாதம் ஓர் அதிகாரியிடம் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். யாரிடம்? டெக்சாஸ் அதிகாரி, "நீ இப்போ நியூ ஜெர்சி பொறுப்பு" என்கிறார். நியூ ஜெர்சியில், "அவர் எங்க பொறுப்பு இல்ல" என்கிறார்கள். யாரிடமும் போகாவிட்டால் தலைமறைவு என்று வாரண்ட். மறுபடி உள்ளே.

"ஜெயில்லகூட நான் யாரோட ஆளுன்னு தெளிவா இருந்துச்சுக்கா" என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 7

நாள் முழுக்க போன். அதே பதில்.

அக்டோபர் 9, வியாழன்

நியூ ஜெர்சி பெண் அதிகாரி தேடிப் பார்த்துச் சொன்னார். போன மாதக் கடைசியில் வீட்டைப் பார்க்க வந்தாராம். கதவைத் திறந்தவர் "அப்படி யாரும் இங்க இல்ல" என்றாராம். அதனால் மறுத்து, டெக்சாஸுக்கே திருப்பிவிட்டார்கள். அங்கே யாரும் அதைப் பார்க்கவில்லை.

கொலு சமயம். வீடு நிறைய ஆட்கள். திறந்தது யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. மூர்த்தி தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "சாந்தாமணி ஆன்ட்டி பக்கத்துலயே சுண்டல் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. அவன் டெக்சாஸ்ல, ரவுண்ட் ராக் ஊர்ல ஐ.டி. ப்ராஜெக்ட்ல இருந்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கோம். வந்தது பரோல் ஆபீசர்னு எப்படிச் சொல்றது?"

ஒரு கிண்ணம் சுண்டலுக்குப் பயந்து என் தம்பியையே இல்லன்னுட்டாரே இந்த மனுஷன். கட்டின புருஷன். கீழ பேஸ்மென்ட்ல உக்காந்திருந்தானே அவன் —

அக்டோபர் 10

இரண்டு அதிகாரிகளையும் ஒரே போன் அழைப்பில் இணைத்தேன். இரண்டு மாநிலங்களும் ஒருவழியாக ஒன்றோடொன்று பேசின. "மறுத்துட்டாங்கன்னா அவர் இங்க திரும்பி வரணும்" என்றார் டெக்சாஸ்காரர். அப்போது மூர்த்தி போனை வாங்கினார். பொய் சொன்னது நான், ரஞ்சித் எங்களோடுதான் இருக்கிறார், தண்டனை அவருக்கு வேண்டாம் என்றார். தடுமாறாமல்.

பிறகு டெக்சாஸ்காரர் புதிதாக விண்ணப்பிக்க ஒப்புக்கொண்டார். முடிவாகும்வரை ரஞ்சித் டெக்சாஸின் ஆள்; வாராவாரம் அவருக்குப் போன் பண்ண வேண்டும். வாரண்ட் இல்லை. வாரண்ட் இல்லை!

அக்டோபர் 20, தீபாவளி

இன்றைக்கும் சொல்லாமல்தான் வந்தார் அந்த அதிகாரி. இன்றைக்கும் வீடு நிறைய ஆட்கள். மூர்த்தி கதவை அகலத் திறந்தார். உள்ளே அழைத்து, ஹாலைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "ரஞ்சித்தோட பரோல் ஆபீசர். ஜெயில்லேருந்து வந்து நம்மகூட இருக்கான்ல, வீட்டைப் பாக்க வந்திருக்காங்க."

எல்லாத் தலைகளும் ரஞ்சித் பக்கம் திரும்பின.

"அப்ப அந்த ப்ராஜெக்ட்?" என்றார் சாந்தாமணி ஆன்ட்டி.

"முடிஞ்சுது ஆன்ட்டி" என்றான் ரஞ்சித்.

முதலில் சிரித்தது ஆன்ட்டிதான். அதிகாரியிடம் முறுக்குத் தட்டை நீட்டினார். வேலை நேரத்தில் எதுவும் வாங்கக்கூடாது என்றதும், "முறுக்கெல்லாம் லஞ்சத்துல சேராதும்மா" என்று அவரோடு வாதாட ஆரம்பித்துவிட்டார். நான் மூர்த்தியைப் பார்த்தேன். காது வரை சிவந்திருந்தார். அழகாக இருந்தார்.

நவம்பர் 13, வியாழன்

நியூ ஜெர்சி ஏற்றுக்கொண்டுவிட்டது. முதல் கையெழுத்து இன்று. ரஞ்சித் பஸ்ஸில் தனியாகப் போய் வந்தான். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"லேட்டா போயிட்டேன்க்கா. அந்தம்மா செம திட்டு. இனிமே லேட்டானா எழுதி வச்சிடுவேன்னாங்க."

திட்டு வாங்கியதை இத்தனை சந்தோஷமாக ஒருவன் சொல்லி நான் கேட்டதில்லை. முதலிலிருந்து சொல்லச் சொல்லி, எதிரில் உட்கார்ந்துகொண்டேன்.