வரப்போரக் கரிக்குழி

ஞாயிறு
காலையிலிருந்து தூறல். விறகு பாதி நனைந்துவிட்டது. வரப்போரமாக ஐந்தாவது குழி. சீமைக் கருவேலம், மேலே உமி. தீ பிடித்துச் சிவந்ததும் தண்ணீர் ஊற்றி, மண் போட்டு மூடல். சாம்பலாகிவிடாமல் கரியாக எடுப்பதில்தான் எல்லாம். வலது கையில் கொப்புளம் இரண்டு.

போன போகத்தில் கரியை அப்படியே வயலில் கொட்டித் தொலைத்தேன். பயிருக்குப் போகவேண்டிய சத்தைக் கரியே இழுத்துக்கொண்டது. நெல் மஞ்சளாக நின்றது. என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இப்போது சாணிக் கரைசலில் பதினைந்து நாள் ஊறவைத்த பிறகுதான். மேல் பாதி வயலில் மண் கறுத்துப் பொலபொலவென்று இருக்கிறது. வெட்டினால் மண்புழு. வருஷக்கணக்கில் யூரியா போட்டு நான் கொன்ற மண்.

வாங்க: கோணி 6, தீப்பெட்டி, கலாவுக்கு முட்டிவலித் தைலம்.

திங்கள்
அம்பத்தூர். காலை ஷிப்ட். லேத் இரண்டு தடவை நின்றது, சூப்பர்வைசரோடு சண்டை. திரும்பும்போது வயல். எல்லைக்கல்லைக் காணோம்.

பக்கத்து நிலம் ஏழுமலையுடையது. என் பெண்டாட்டி கலாவின் அண்ணன். பிளாட் போட விற்கிறான். ரோட்டுக்கு ஆறடி குறைகிறதாம். ஜேசிபி கல்லைப் பெயர்த்து, அந்த இடத்தில் கிராவல் கொட்டியிருக்கிறது.

"இன்னா மச்சான், கல்லு எங்க?"

"எந்தக் கல்லு? எல்லை உன் வரப்புக்கு ஆறடி உள்ள கீது மாப்ள. எங்கப்பா சொல்லிகீறாரு."

அறைந்தேன். அவன் என் தலைமுடியைப் பிடித்து வரப்பில் மோதினான். டிரைவர்தான் பிரித்துவிட்டான். என் பல் ஒன்று ஆடுகிறது. அவன் உதடு கிழிந்தது. சந்தோஷம்.

செவ்வாய்
லீவு. முகம் வீங்கி. கலா தட்டை நங்கென்று வைத்தாள். "எங்கண்ணன அட்ச்சிட்டு என்னாண்டயே சோறு கேக்கறியா?" தட்டைச் சுவரில் வீசினேன். அவளே பொறுக்கினாள்.

புதன்
அம்மன் கோயில் வாசலில் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர். தாலுக்கா ஆபீசில் மனு கொடுத்தால் அளக்க மாசக்கணக்கு, அதற்குள் பிளாட் விற்றுப்போகும். நான்தான் பழைய வழக்கத்தைச் சொன்னேன். அந்தக் காலத்தில் எல்லைக்கல் நட்டால் அடியில், இரண்டடி ஆழத்தில், கரி புதைப்பார்கள். மக்காது. தோண்டுங்கள், கரி இருக்கிற இடம்தான் எல்லை.

ஜேசிபி மேலாகத்தான் சுரண்டியிருக்கும் என்று நம்பினேன். ஏழுமலை உடனே சரி என்றான். கரி கிடைக்கிற இடத்தை ஏற்றுக்கொள்வதாக இருவரும் சூடம் அணைத்துச் சத்தியம்.

வியாழன்
வெயில். ஷிப்ட். எதுவும் ஓடவில்லை.

வெள்ளி
எல்லோரும் வயலில். நான் காட்டிய இடத்தில் நாலடி தோண்டியும் கிராவல்தான். அடிவரைக்கும் அள்ளியிருக்கிறான் பாவி.

ஏ. என் பக்கம் ஆறடி உள்ளே காட்டினான். இரண்டடியில் கரி. கட்டி கட்டியாக. என் இரண்டாவது குழி. அள்ளியது போக அடியில் விட்டது.

"அது நான் எரிச்ச கரி. இந்த வருசம் எரிச்சது."

பெரியவர் ஒருவர், "சத்தியம் பண்ணிகீற, தம்பி."

ஏ. சிரித்தான். "நீ தானே மாப்ள கரிய தேடச் சொன்ன? கெட்ச்சிடுச்சி பாரு."

மண்வெட்டியை எடுத்தேன். பயமுறுத்த இல்லை. அவன் கழுத்தை வெட்டத்தான். நடுவில் கலா எப்போது வந்தாள் தெரியவில்லை. கையைத் தூக்கினாள். எலும்பு உடைகிற சத்தம் கேட்டது.

சனி
மறுபடி தூறல். கலாவுக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. உள்ளே பிளேட் வைத்தார்கள். ஏ. தான் தன் காரில் தூக்கிப் போனான். போலீசுக்கும் போகவில்லை. போயிருந்தால் தேவலை.

காலையிலேயே ஜேசிபி அந்த ஆறடியை வழித்துவிட்டது. கறுத்த மண் முழுக்க லாரியில். நான் போய்ப் பார்க்கவில்லை.

மத்தியானம் கலா ஒற்றைக் கையாலேயே துணியைப் பையில் திணித்தாள். "எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன். நீ உன் மண்ணோட இரு."

பையை இடது கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். நான் எந்தக் கையைப் பிடித்து நிறுத்துவது.