சிரித்துக்கொண்டே ஏற்றிய விலை

அன்புள்ள அப்பாவுக்கு,

அறுவை சிகிச்சை செய்த முழங்காலில் வீக்கம் வற்றியதா? அம்மாவின் துணையில்லாமல் படியேறாதீர்கள். நான் நலம். லாஸ் வேகாஸில் வெயில் இன்னும் தணியவில்லை.

நேற்று உங்களுக்குப் பதிலாக நம் கற்பனைக் கால்பந்து அணிக்கு ஆட்டக்காரர்களை ஏலம் எடுத்தேன். போனில் சொல்ல வாய் வரவில்லை. பென்டில்டன் பெயர் வந்ததும் உங்கள் நண்பர் வேய்ன் மாமா துள்ளினார். அவர் கையிருப்பைக் கரைக்கலாமென்று, நமக்கு வேண்டாத அந்த ஆட்டக்காரருக்கு விலையை ஏற்றிக்கொண்டே போனேன். நான் எழுபது டாலர் என்றதும் மாமா பேனாவை மூடிவிட்டார்.

"என்ன மாமா, அவ்வளவுதானா?"

"நீயே வச்சுக்க தாயி! விலையை ஏத்தச் சொல்லிக்கொடுத்த அப்பன், எப்ப நிறுத்தணும்னு சொல்லலையா?"

மேசையே சிரித்தது, நானும் சிரித்தேன். உங்களைப் போலச் சாமர்த்தியசாலியாகத் தெரிய ஆசைப்பட்டிருக்கிறேன். ஏலத்துக்கென்று ஆளுக்குக் கொடுத்த இருநூறு பொய் டாலரில் எழுபது அப்படிப் போனதால், நீங்கள் கோடை முழுக்கப் படுக்கையில் ஆராய்ந்து கண்டுபிடித்த ஓவன்ஸ் பையனை எடுக்க ஐந்து டாலர் குறைந்தது. வேய்ன் மாமாவே எடுத்துக்கொண்டார். போட்டியில் சேரக் கட்டிய மூவாயிரம் நிஜ டாலரைவிட இதுதான் உறுத்துகிறது: அவன் நிஜ ஆட்டத்தில் எல்லைக் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் புள்ளி மாமாவின் அணிக்குப் போகும், நீங்கள் போட வேண்டிய கூச்சலை அவர் போடுவார்.

என் தடித்த போர்வையை அனுப்பச் சொல்லுங்கள், அறையில் ஏசியைக் குறைக்க முடியவில்லை. அம்மாவின் பீன்ஸ் குழம்புக்கு எவ்வளவு மிளகாய்த்தூள்?

வேலைக்கு நேரமாகிவிட்டது. ஞாயிறு ஆட்டம் தொடங்கியதும் கூப்பிடுகிறேன். திட்டுவதானாலும் பரவாயில்லை, ஆட்டம் முடியும்வரை போனை வைக்காதீர்கள்.

உங்கள் மகள்,
டெலியா