மகள் வீட்டுக்குப் போய் வந்தோம்

பிப்ரவரி 9

இன்று மறுபடி வேலைக்கு. நான் விடுப்பில் இருந்தபோது ஆஸ்பத்திரியின் பின்பக்க லிஃப்ட் யாருக்கும் அடங்கவில்லையாம். கதவு மூடப்போகும், நின்று யோசிக்கும், திறந்துகொள்ளும். மொட்டை மாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து அதன் பாகங்களைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. அங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

கீழே இறங்கியதும் வாட்ச்மேன் பிடித்துக்கொண்டார். "வெளிநாட்டுல மக வீட்டுச் சாப்பாடு, ஒரு சுத்து பெருத்து வருவீங்கன்னு பார்த்தா, பாதி ஆளா வந்திருக்கீங்க?"

குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அந்த அளவுக்கு உண்மை.

பிப்ரவரி 12

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வீட்டுக்கு வரச் சொல்லி போன். எல்லோரும் பயணக் கதை கேட்கக் காத்திருக்கிறார்களாம். "என்னத்தைச் சொல்றது?" என்று மனைவியிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நான் பேசிக்கிறேன். நீங்க தலைய ஆட்டினா போதும்."

பிப்ரவரி 15

தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அவள் பேசியதை நானே வாயைப் பிளந்து கேட்டேன். மாப்பிள்ளை காரில் எங்களைப் பனிமலைக்குக் கூட்டிப்போனாராம். மகள் லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தாளாம். எனக்குப் பனியில் வழுக்கி விழுந்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டதாம். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் இடுப்பைத் தடவினேன். வேறென்ன செய்வது?

பிறகு பேச்சு பழைய நாட்களுக்குப் போயிற்று. மைத்துனர் ஆரம்பித்தார். ஒருமுறை எல்லோரும் கடற்கரைக்குப் போனபோது சின்னப் பிள்ளையாக இருந்த எங்கள் மகள் – பாப்பா – காணாமல்போய், தேடித் தேடிக் களைத்த பிறகு பார்த்தால், முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். "பாப்பாவை எங்க கொண்டு விட்டாலும் பிழைச்சுக்குவா." அது நிஜமாக நடந்தது. என்னால் அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்துபோனேன்.

எங்கேயாவது ஒரு இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க வேண்டும். இங்கேதான் எழுத முடியும்.

பாப்பா இருப்பது துணி வெளுக்கிற கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. கதவைத் திறந்ததும் அவள் சொன்னது: "வர வேண்டாம்னு சொன்னேனேம்மா." மாப்பிள்ளை அவளை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. எங்களிடம் மூச்சுவிடவில்லை. குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலைக்குப் போகிறாள், விரலெல்லாம் வெடித்திருந்தது. என் மனைவி வந்த நிமிஷத்திலிருந்து அழுதாள். அழுகைக்கு நடுவில், "அவனுக்கு ஒரு போன் போடுடி, கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போ" என்பாள். மூன்றாவது நாள் பாப்பா சத்தம் போடாமல் சொன்னாள்: "அம்மா, நீ இங்க இருந்தா நான் உடைஞ்சிடுவேன். போயிடும்மா."

திரும்பும் டிக்கெட்டை மாற்ற முடியவில்லை. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜ். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். பகலில் டிராமில் ஏறி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வருவோம் – உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும் என்பதற்காக. ஒருநாள் இவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். டிக்கெட் பரிசோதகர் வந்தார், பார்த்தார், எழுப்பாமல் போய்விட்டார். எங்கள் பயணத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி நடந்தது அதுதான். அதை யாரிடம் சொல்வது?

பிப்ரவரி 18

பாப்பாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 22

இன்றைக்கு நானே புளுகினேன். மாப்பிள்ளை இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனதாகவும், நான் கையை வைத்ததும் ஓடியதாகவும், அந்த ஊர்க்காரர்கள் கைதட்டியதாகவும். கேட்டுவிட்டு மைத்துனர் என் முதுகில் தட்டினார். எத்தனை சுலபமாக வருகிறது! வீட்டுக்கு வரும் வழியில் மனைவி, "நல்லா சொன்னீங்க" என்றாள்.

மார்ச் 4

தலையில் இடி.

மனைவியின் தங்கை – சின்னவள் – மருந்துக் கம்பெனியில் இருக்கிறாள். ஏதோ பயிற்சியாம், பாப்பா இருக்கும் ஊருக்கே அனுப்புகிறார்களாம். துள்ளிக்கொண்டு வந்தாள். "அக்கா, ஓட்டல் ரூமெல்லாம் வேண்டாம்னுட்டேன். பாப்பா வீட்டுலதான் தங்கப்போறேன்!"

"அவங்க அப்போ ஊர்ல இருக்க மாட்டாங்களே" என்றாள் இவள்.

"நான் எப்போ போறேன்னே இன்னும் சொல்லலையே, அக்கா."

சின்னவள் என் பக்கம் திரும்பினாள். நான் தரையைப் பார்த்தேன். சின்னவள் காதில் விழுந்த விஷயம் பொழுது சாய்வதற்குள் சொந்தபந்தம் முழுக்கப் போய்விடும். விலாசத்தைக் கொடுத்தோம். கொடுக்காமல் என்ன செய்ய?

மார்ச் 6

வீட்டில் சண்டை. சொல்லிடலாம்னு நான். கூடாதுன்னு அவ.

"சொன்னா அண்ணன் என்ன நினைப்பாரு? நாளைக்கு நாலு பேரு என் பொண்ணைப் பத்தி என்ன பேசுவாங்க?"

"நம்ம பொண்ணு என்ன திருடிட்டா வந்தா? வேலைக்குப் போறா, சாப்பிடறா. இதுல மறைக்க என்ன இருக்கு?"

"அப்போ அந்த லிஃப்ட் கதையை ஏன் சொன்னீங்க?"

சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போயிட்டேன். எங்க போறதுன்னு தெரியல. ஆஸ்பத்திரிக்கே போய் மோட்டார் ரூம்ல உட்கார்ந்தேன். அங்கிருந்து பாப்பாவுக்குப் போன். எடுக்கல. 'சித்தி வருகிறாள்' என்று மட்டும் செய்தி அனுப்பினேன்.

பதில் வந்தது: 'சரி.'

சரின்னா? வரட்டும்னா, வந்தா வரட்டும்னா?

மார்ச் 14

சின்னவள் போய்ச் சேர்ந்திருப்பாள். மனைவி சாம்பாரில் உப்புப் போடவில்லை. நானும் அப்படியே சாப்பிட்டுவிட்டேன்.

மார்ச் 17

போன் இல்லை. சின்னவளிடமிருந்து போன் இல்லாமல் இப்படி நாட்கள் போனதே கிடையாது.

மார்ச் 22

சின்னவள் திரும்பிவிட்டாள். மைத்துனர் வீட்டில் எல்லோரும். உள்ளே நுழையும்போதே முடிவுசெய்துவிட்டேன், அவள் வாயைத் திறக்கும் முன் நான் திறந்துவிட வேண்டும் என்று. செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"பாப்பா என்னை விடவே மாட்டேன்னுட்டா, அண்ணா. ஆத்துமேல பாலம் ஒண்ணு இருக்கு, அதுல நடக்கவிட்டே காலை ஒடிச்சுட்டா. மாப்பிள்ளை வேலையா வெளியூர். அவரைப் பார்க்க நான் குடுத்துவைக்கல."

குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை. எங்கள் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. மைத்துனர் போட்டோ கேட்டார். பாப்பாவும் அவளும் தலையோடு தலை ஒட்டி நிற்கும் ஒரு படத்தைக் காட்டினாள். பின்னால் வெறும் சுவர். பாப்பா சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு மாதிரிதான் இருந்தது.

பிறகு சமையலறையில் அக்காவும் தங்கையும் பாத்திரம் கழுவினார்கள். நான் டம்ளரோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். இவள் நெற்றி தங்கையின் தோளில். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

"அழாதக்கா. நான் போனப்ப அவளுக்குக் காய்ச்சல். ரெண்டு நாள் அவ பக்கத்துலயே படுத்துக்கிட்டேன். நான் ஒண்ணும் கேக்கல, அவளும் சொல்லல. கிளம்பறப்போதான் சொன்னா – அம்மா என்னை அவன்கிட்ட திரும்பிப் போகச் சொல்லாம இருந்தா போதும், சித்தி. நான் அம்மாவைப் போன்னு சொன்னது தினமும் காதுல கேட்குதுன்னு."

நான் டம்ளரை ஓசைப்படாமல் வைத்துவிட்டு நகர்ந்தேன்.

ஏப்ரல் 5

இன்று நடந்தது.

மைத்துனர் வீட்டில் சாப்பிட்டு முடிந்து பேசிக்கொண்டிருந்தோம். மேல்வீட்டில் குடிவந்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு. புருஷனை விட்டு வந்தவளாம். "கேட்டா தனியா இருந்துக்குவேன்னு திமிரு. நம்ம பாப்பா மாதிரி குடும்பமா இருக்கத் தெரியணும்" என்றார் மைத்துனர்.

மனைவி வாயைத் துடைத்துக்கொண்டாள். "பாப்பாவும் தனியாத்தான் இருக்கா, அண்ணா. அவன் போயிட்டான். நாங்க மலைக்கும் போகல, கார்லயும் போகல. லாட்ஜ்ல கிடந்துட்டு வந்தோம்."

மைத்துனர் என்னைப் பார்த்தார், சின்னவளைப் பார்த்தார். "அப்போ நீங்க மூணு பேரும் சேர்ந்து என்னை உட்கார வெச்சு முட்டாளாக்கியிருக்கீங்க."

"அண்ணா –" என்றாள் சின்னவள்.

"கை தட்டினாங்களாம், கை!" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தப்பு சொல்ல முடியாது. அவர் அன்றைக்கு நிஜமாகவே சந்தோஷப்பட்டுத்தான் என் முதுகில் தட்டினார்.

வழியெல்லாம் மனைவி விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். நான்தான் பின்தங்கினேன்.

ஏப்ரல் 12

மைத்துனர் வீட்டிலிருந்து அழைப்பில்லை.

ஏப்ரல் 19

இல்லை. சின்னவளையும் கூப்பிடவில்லையாம்.

மே 3

ஞாயிறு. வெயில் கூடத்தின் பாதி வரை வந்துவிட்டது. மின்விசிறியின் அடியில் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தது. பாப்பா. நாங்கள் திரும்பி வந்த பிறகு அவளாகவே கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

மனைவி அழவில்லை. தலைவாரினாயா, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். மாப்பிள்ளை பேச்சை எடுக்கவே இல்லை. கேட்டு முடிந்த பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை.

கடைசியில் பாப்பா கேட்டது எனக்கும் கேட்டது. "ஞாயித்துக்கிழமையாச்சேம்மா. மாமா வீட்டுக்குப் போகலையா?"

"இல்லடி. உங்கப்பாவுக்குக் கால் வலி. அதான் வீட்டுலயே இருந்துட்டோம்."

எனக்குக் கால் வலி எதுவும் இல்லை. போனை என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு, "இப்போ பரவாயில்லைம்மா" என்றேன்.