நூறு கிராம் கொய்யா

என் வீட்டுக்காரிக்கு,

மாவுச்சத்தைக் குறைக்கிறேன் என்று நீ பழத்தையே ஒதுக்கினாய். பழக்கடை வைத்திருந்தும் நான் வாய் திறக்கவில்லை. நேற்று உன் டிபன் டப்பாவைக் கழுவினால், உள்ளே எதிர்ப் பழக்கடைக்காரனின் எடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அவன் உன்னை அக்கா என்றுகூடக் கூப்பிடுவதில்லை.

கேட்டதற்கு, "தினம் நூறு கிராம் கொய்யா சாப்பிடலாம்னு டாக்டர் சொன்னாங்க. எதிர்க்கடைக்காரர் சரியா எடை போடுறார். நீங்க எனக்குன்னா கூடத்தானே வைப்பீங்க" என்றாய்.



இன்று டப்பாவில் நானே கொய்யா வைத்திருக்கிறேன். தராசு நூற்றுப்பத்து காட்டியது, ஒரு துண்டை எடுத்துவிட்டேன். இருபது வருடத்தில் உனக்குக் குறைத்து வைப்பது இதுதான் முதல் தடவை.

இனி நீ தெருவைத் தாண்ட வேண்டாம். வண்டிகள் வேகமாக வருகின்றன.

உன் சொந்தக் கடைக்காரன்