ஒண்டுமில்லை என்று எழுதாதே

சிலாவத்தை,
முல்லைத்தீவு.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் நிதர்சனாவுக்கு,

ஆண்டவருடைய இரக்கத்தால் நான் என் காலில் நடந்து என் அலுவல்களை நானே பார்த்துக்கொண்டு இருக்கிறேன். நீ சுகமா என்று இந்த முறை கேட்கவில்லை, ஏன் கேட்கவில்லை என்பது கீழே வரும். அதற்கு முதல் ஒரு பொய்யைத் திருத்தவேண்டும். கிளிநொச்சியில் உங்கள் அமைப்பு வைத்த கூட்டத்தில் தேநீரோடு தந்த ரோல்ஸை நான் எடுத்து அதிகாரிக்கு எறிந்தேன் என்று ஒரு கதை உலாவுகிறது, உனக்கும் வந்திருக்கும். இன்று பூசை முடிந்து வெளியே வர, புனிதமலர் கோவில் வாசலில் வைத்தே என்னைப் பிடித்து, என்னக்கா, எறிஞ்சது முகத்திலயோ நெஞ்சிலயோ என்று கேட்கிறாள், கேட்டுவிட்டுச் சிரிப்பு வேறு. நான் எறியவில்லை. கையில் எடுத்ததைத் தட்டில் திருப்பி வைத்தேன், அவ்வளவுதான். பழைய எண்ணெயில் பொரித்து, கீழே போட்ட கடதாசியும் ஊறிப்போயிருந்த ரோல்ஸ். கன்னியர் மடத்தில் படித்தவள் சாப்பாட்டை எறியமாட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன். தென்சூடானுக்குப் போய் அந்த நாட்டுப் பெண்களுக்குக் கண்ணிவெடி அகற்றப் பழக்குகிற உங்கள் எல்லோருடைய வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, பிள்ளைகள் அங்கே பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்று விளக்குவதற்கான கூட்டம் அது. விஜிதரன் என்று ஒரு பாதுகாப்பு அதிகாரி, வாசனைத் தைலம் நாலு கதிரை தள்ளி மணக்கிறது, திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டி, அம்மாமார் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, எங்கட ஆக்கள் நிக்கிற இடம் முழுக்கப் பச்சை என்றான். நான் எழும்பி, அந்தப் பச்சையை யார் பூசினது, மழை தொடங்கிய பிறகும் அது பச்சையா, பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றினால் எந்த ஆஸ்பத்திரி, பாதை வெள்ளத்தில் போனால் அங்கே எப்படிக் கொண்டுபோவீர்கள், திரும்பிப் போவோம் என்று சொல்கிற உரிமை வாகனத்துக்குள் யாருக்கு என்று கேட்டேன். இவ்வளவும் ஒரு தாய் கேட்கவேண்டியவை. அவன் பல்லைக் காட்டிக்கொண்டு, அன்ரி, இதென்ன சோதினையோ, கேள்வித்தாள் நீளுது என்றான், மண்டபமே சிரித்தது. நான் அவனுக்கு எந்த வழியில் அன்ரி என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த விமலேஸ்வரி, ஸ்கந்தபுரத்தில் இருந்து வந்தவள், உன்னோடு வேலை செய்கிற கிருசாந்தனின் தாய், என் சேலையைப் பிடித்து இழுத்து, இருங்கோ அக்கா, கடவுள் பாத்துக்கொள்ளுவார், நீங்கள் கேக்கப்போய் எங்கட பிள்ளையளின்ர பேரை வெட்டிப்போடுவாங்கள் என்றாள். கேட்கவே அருவருப்பாக இருந்தது. அவள் கும்பிடுகிற பிள்ளையாரையும் சரி, நான் கும்பிடுகிற ஆண்டவரையும் சரி, வாகனம் ஓட்ட நாங்கள் வேலைக்கு வைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவன் என்னைக் குளிர்விக்க நினைத்து அந்தக் கதையை எடுத்தான். அன்ரி, நீங்கள் பெருமைப்படவேணும், போன மாதம் வேலைத்தளத்தில நேரம் போயிட்டுது, நாலு மணிக்குப் பிறகு வெளிக்கிடக் கூடாதெண்டு எங்கட சட்டம், மழையும் இருட்டிக்கொண்டு நிக்குது, டிரைவரும் பின்னடிச்சவன், உங்கட மகள்தான் முன்னுக்கு ஏறி இருந்து, ஒண்டுமில்லை, போவம் எண்டவா, வாகனம் சேத்தில புதைஞ்சு விடியுமட்டும் நடுப்பாதையில, ஆனா ஆள் கலங்கேல்லை, சிங்கம் எண்டால் சிங்கம் என்றான். சனம் கைதட்டியது. பாதுகாப்பு அதிகாரி, தன் சட்டத்தை மீறினதற்குக் கைதட்டு வாங்கிக்கொடுக்கிறான். அப்போதுதான் நான் ரோல்ஸைத் திருப்பி வைத்தேன். எண்ணெய் கூடாதுதான், ஆனால் வைத்தது எண்ணெயால் அல்ல, உன்னால்.

அவனிடம் திகதியைக் கேட்டு ஒத்துப் பார்த்தேன், அந்த இரவு விடிந்த காலை நீ அனுப்பிய செய்தி என் கைத்தொலைபேசியில் இன்னும் இருக்கிறது. நல்ல சுகம் அம்மா, ஒண்டுமில்லை என்று எழுதி, கீழே ஒரு பெருவிரல் படம். அதைப் பார்த்துவிட்டு நான் ஆறுதலாகத் தேநீர் குடித்தேன். நீ சேற்றுக்குள் இருந்து அதை அனுப்பினாயா, வெளியே எடுத்த பிறகு அனுப்பினாயா என்று இப்போது யோசிக்கிறேன். எதுவானாலும் பொய், அதனால்தான் சுகமா என்று கேட்கவில்லை. உன் அப்பாவும் நெஞ்சைத் தடவிக்கொண்டு, ஒண்டுமில்லை, வாய்வு என்று சொல்லிவிட்டுத்தான் கடலுக்குப் போனார். படகு திரும்பி வந்தது, உயிர் போன அவரை மற்றவர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அந்தச் சொல்லை எனக்குக் கேட்கவே பிடிக்காது என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு எழுதினாய்.

நீ மண்ணைக் கிண்டுகிற வேலைக்குப் போனபோது சொந்தக்காரர் பேசாத பேச்சு இல்லை, நான் ஒருவருக்கும் தலைகுனியவில்லை. ஏன் என்று சொல்கிறேன். முகமாலையில் உங்கள் வேலைத்தளத்தைப் பார்க்க எங்களை அழைத்த நாளில் காற்று என் கறுப்புக் குடையைப் பிடுங்கிக்கொண்டுபோய்ச் சிவப்புத் தடிக்கு அந்தப் பக்கம் போட்டது. அந்தத் தடிக்கு அப்பால் வெடி எடுத்து முடியாத நிலம். குடை மிகக் கிட்டத்தில் கிடந்தது, வந்திருந்த ஒருவர், ஒண்டுமில்லை, கையை நீட்டினா எட்டும் என்று குனியப் பார்த்தார். நீ அவருடைய தோளில் கையை வைத்து, ஐயா, ஒண்டுமில்லை எண்டு ஆர் பாத்தது என்று கேட்டாய். சத்தம் போடவில்லை, அவர் நிமிர்ந்துவிட்டார். அந்த மாரி முழுவதும் என் குடை அங்கே கிடந்து நனைந்தது. நிலம் துப்புரவாகி முடிந்த பிறகு, கம்பி துருப்பிடித்துத் துணி கிழிந்த குடையைச் சுருட்டி நீயே கொண்டுவந்து தந்தாய். அது அலுமாரிக்குள் என் நல்ல சேலைகளோடு இருக்கிறது. தாயின் குடைக்காக ஒரு சாண் எட்டி வைக்காதவள், ஒரு இரவுச் சாப்பாட்டுக்கும் கட்டிலுக்கும் அவசரப்பட்டு முன் ஆசனத்தில் ஏறி இருந்தாளே என்பதுதான் என் வெறுப்பு.

இனி வாகனக் கதவைப் பிடிக்கும்போது ஆர் பாத்தது என்ற அந்தக் கேள்வியை உன்னிடமே கேள். பின்னடித்த அந்தச் சாரதிக்குத்தான் பாதை தெரியும், அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த முறை அவன் வேண்டாம் என்றால் அதோடு கதை முடிந்தது என்று வை. உன்னிடம் வேலை பழகுகிற பெண்பிள்ளைகளும் அந்த வாகனத்தில்தான் வருகிறார்கள், நீ ஏறினால் அவர்கள் மாட்டேன் என்று சொல்வார்களா? மலேரியாக் குளிசையை இடையில் நிறுத்தாதே, வயிற்றைப் பிரட்டுது என்று நிறுத்துகிறவள் நீ. நாளைக்கு இன்ன இடத்துக்குப் போகிறோம் என்று முகநூலில் படம் போடுவதை விடு, போய் வந்த பிறகு போடு. கடவுச்சீட்டின் பிரதி ஒன்றை வேறு பையில் வை. மாட்டேன் என்று சொன்னதற்காக உன்னைத் திருப்பி அனுப்பினால் வா, திரும்பத் தெரிந்த பிள்ளை என்று நான் ஊருக்குச் சொல்லுவேன். இன்னும் ஒன்று. எவனாவது பக்கத்தில் நின்று உன்னை எழுதவைக்கிற நிலைமை வந்தால், அப்பா சுகமோ என்று கேட்டு எழுது. யாருக்கும் சந்தேகம் வராது, எனக்கு விளங்கும், போகவேண்டிய இடமெல்லாம் நான் போவேன்.

இங்கே உன் அண்ணன் அனிஸ்ரனும் உன்னைப்போலத்தான். உயிர்காப்பு அங்கி வாங்கினான், கடலுக்குப் போட்டுக்கொண்டு போனால் வேர்க்குதாம், குசினிச் சுவரில் கொழுவி வைத்திருக்கிறான், அதில் கோழி ஏறிப் படுக்கிறது. எச்சத்தை நான் கழுவுவதில்லை, அவன் பார்க்கட்டும்.

இந்தக் கடிதத்தை விடுமுறை முடிந்து திரும்பி வரும் கிருசாந்தனிடம் கொடுத்துவிடுகிறேன். நான் எறிந்தேன் என்ற கதையைத் தாய் ஊரெல்லாம் காவித் திரிந்தாலும் பிள்ளை ஒழுங்கானவன். செபமாலை சொல்லும்போது உன் பெயரை முதலில் சொல்கிறேன், அந்தச் சாரதியின் பெயர் தெரியாததால் சாரதி என்றே சொல்கிறேன். மாதா உன்னைக் காக்கட்டும், நீயும் அவவுக்கு வேலையைக் கூட்டாதே. அந்த இரவு நடந்ததைத் தொடக்கத்தில் இருந்து, பயந்திருந்தால் பயந்ததையும் சேர்த்து, தாளில் உன் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பு. பெருவிரல் வேண்டாம். பதில் எழுது.

உன் அம்மா,
ரெஜினா இராயப்பு