ரயிலில் தூங்கிப்போன தாத்தா

மார்ச் 4, செவ்வாய்

காலையில் எதிர்வீட்டுக் குழாய்க்கு வாஷர் மாற்றிக் கொடுத்தேன். பிறகு நூலகம் போய் ரயில் புத்தகத்தில் இன்னும் நான்கு பக்கம் படித்தேன். நானே! யாரும் பக்கத்தில் இல்லாமல்! ஒரு தாத்தாவும் பேத்தியும் கடல் பார்க்க ரயிலில் போகிறார்கள். அவள் ஓயாமல் கேள்வி கேட்கிறாள். தாத்தா தூங்கிவிட்டார். அந்த இடத்தில் நூலகம் மூடும் மணி அடித்துவிட்டது.

எழுபது வயது வரை எனக்கு எழுத்து என்றால் கடைப் பலகையில் இருக்கும் வண்ணம்தான். இப்போது எவரோ ஒரு தாத்தா எழுந்தாரா இல்லையா என்று கவலைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்ன சுகமான கவலை!

புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. பேத்தி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து எனக்கு முன்னால் படித்துவிடுவாள்.

மார்ச் 5, புதன்

புத்தகம் இல்லை. அது மட்டுமா, குழந்தைகள் பகுதி அலமாரி முழுக்கக் காலி.

நூலகர் அம்மா என்னை முறைத்தார். "உங்க பேத்தியக் கேளுங்க ஐயா. அவளும் அவ கூட்டாளிங்களும் எல்லாத்தையும் பின்னறைக்குள்ள கொண்டுபோய் வச்சுக்கிட்டுத் தர மாட்டேங்கறாங்க."

சாப்பிடும்போது கேட்டேன்.

"அந்தப் புத்தகங்கள்ல யாரு இருக்கா, யாரு இல்லைன்னு பாக்கறோம் தாத்தா. கறுப்பா ஒரு பொண்ணு இருக்காளா? சக்கர நாற்காலியில ஒருத்தர்? அப்பா இல்லாத வீடு? இல்லேன்னா மஞ்சச் சீட்டுல எழுதி உள்ள ஒட்டுவோம்."

அப்பா இல்லாத வீடு என்றபோது என் மகள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"தாராளமா ஒட்டு. என் புத்தகத்தக் குடு."

"எங்கள மாதிரி ஆளுங்க வர்ற கதைங்களுக்குன்னு ஒரு அலமாரி தர்ற வரைக்கும் ஒண்ணும் வெளிய வராது. முடிவுதானே வேணும்? நானே சொல்றேன். கடைசியில அந்தத் தாத்தா –"

"வாய மூடு!"

கத்திவிட்டேன். மகள் பயந்துபோனாள். வேறு என்ன செய்ய? இத்தனை வருஷம் பிறர் வாயால்தான் எல்லாம் கேட்டேன். இந்த ஒரு முடிவையாவது என் கண்ணால் படிக்கக் கூடாதா?

மார்ச் 6, வியாழன்

இன்றும் இல்லை. போராட்டமாம், போராட்டம்.

மார்ச் 8, சனி

பின்னறைக்கே போய்விட்டேன். வாசலை அடைத்துக்கொண்டு பேத்தியின் தோழி. சக்கர நாற்காலியில் பறப்பாள், அதனால் எல்லோருக்கும் அவள் மின்னல்.

"உறுப்பினர்தான் உள்ள வரலாம் தாத்தா."

"நான் அவளோட தாத்தாம்மா."

"அது உறவு. உறுப்பினர் இல்ல."

என்ன வாய்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் கரடிக் கதைகூடப் படிச்சேன். அதுக்காகக் கரடி என்னை மாதிரி குழாய் வேலையா பாக்கணும்?"

"கரடிக்கு ஒரு அலமாரியே இருக்கு தாத்தா. என்ன மாதிரி ஒருத்தி இருக்கற புத்தகம் ஒண்ணே ஒண்ணு எடுத்துக் காட்டுங்க. கதவத் திறந்துடறேன்."

படித்ததையெல்லாம் மனசுக்குள் புரட்டினேன், ஒன்றுகூடத் தேறவில்லை. தேறாததில் இன்னும் கோபம். வேறு வழியில்லாமல் உறுப்பினராகச் சேர்ந்தேன். நாளை முதல் எனக்கும் புத்தகம் பார்க்கும் வேலை.

மார்ச் 9, ஞாயிறு

நாள் முழுக்கப் படித்தேன். வேறு யாராவது சொன்னால் நம்பமாட்டேன் – இதை நானேதான் எழுதுகிறேன், இருந்தாலும்.

ஒரு புத்தகத்தில் தாத்தா நாற்காலியில் தூங்குகிறார். இன்னொன்றில் கதை சொல்லிவிட்டுத் தூங்குகிறார். மற்றொன்றில் இருமுகிறார், பக்கத்தைத் திருப்பினால் நாற்காலி காலி! அடப் பாவிகளா. என் வீட்டில் அப்படி ஒரு நாற்காலியே கிடையாது. நேற்று மாலைகூட மூன்றாம் மாடி ஏறிக் குழாய் மாற்றிவிட்டு வந்தேன்.

"இதுக்கும் சீட்டு ஒட்டணும்" என்றேன்.

"அது நம்ம கோரிக்கையில இல்லையே தாத்தா" என்றாள் பேத்தி.

"ஏன் இல்ல?"

"இது குழந்தைங்க புத்தகம்."

"நானும்தானேடி படிக்கறேன்!"

கையைத் தூக்கச் சொன்னார்கள். மின்னல் மட்டும் எனக்காகத் தூக்கினாள். மற்றதுகள் சிரித்தன. போங்க, நீங்களும் உங்க கூட்டமும்.

குவியலின் அடியில் ரயில் புத்தகம் கிடைத்தது. கையில் எடுத்தேன். திறக்கவில்லை. இத்தனை தாத்தாக்களைப் பார்த்தபின் திறக்கப் பயமாக இருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

நூலகர் அம்மா இறங்கிவந்தார். "ஒரு அலமாரி தர்றேன். உங்க சீட்டையும் கிழிக்க மாட்டேன். ஆனா அலமாரிய நிரப்பறது உங்க பாடு."

கை தட்டினார்கள், குதித்தார்கள். பிறகு அலமாரியைச் சுற்றி நின்றார்கள். வைக்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. அலமாரி கிடைக்குமா என்று பார்த்தவர்களில் ஒருவருக்கும் அதற்கப்புறம் என்ன என்று தோன்றவில்லை. எனக்கும்தான்.

மார்ச் 12, புதன்

படித்து முடித்தேன். என் வாழ்க்கையில் நான் முடித்த முதல் பெரிய புத்தகம்.

தாத்தா எழவில்லை. பேத்தி தனியாகக் கடலைப் பார்க்கிறாள். வானத்தில் ஒரு நட்சத்திரம். அதுதான் தாத்தாவாம்.

நட்சத்திரமாம்! கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அது வேறு விஷயம். கோபம் மட்டும் அடங்கவில்லை. ஒரு மஞ்சள் சீட்டை எடுத்தேன். எழுத வெகுநேரம் ஆனது.

"இது சரியில்லை. கடலுக்கு முந்தின நிலையத்தில் தாத்தா விழித்துக்கொண்டார். தண்ணீர் பிடிக்க இறங்கினார். அங்கே குழாய் ஒழுகியது. அவரால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை."

கடைசிப் பக்கத்தில், நட்சத்திரத்தின் மேலேயே ஒட்டினேன். கோரிக்கையில் இருக்கிறதா இல்லையா என்று யாரையும் கேட்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

என் சீட்டுக்குக் கீழே பென்சிலில் யாரோ எழுதியிருக்கிறார்கள். என்னைவிட மோசமான கையெழுத்து. யாரோ குட்டிப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்.

"ரயில் போயிடுச்சா?"

பேத்தியிடம் காட்டினேன். விரலை வைத்து இரண்டு தடவை படித்தாள். "இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றாள். சிரிக்கவில்லை.

"பெரிய தாளா வாங்கிட்டு வா. சீட்டுல இடம் பத்தாது."

மார்ச் 21, வெள்ளி

காலி அலமாரிக்காக நான் எழுதும் ரயிலில் நீயும் வருகிறாயா என்று மின்னலைக் கேட்டேன்.

"வர்றதென்ன தாத்தா, நான்தான் ஓட்டுவேன்."

சரி, ஓட்டட்டும். ஆனால் நான் குழாயை முடித்துவிட்டு வரும்வரை நிறுத்திவைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்கிறாள்.